புழு இல்லாத தூண்டில்

தூண்டில் என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது மைலோ டின்னில் ஈர மண்ணோடு நெளியும் மண்புழுக்கள்தாம். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குக் கூடவே ஒரு மூங்கில் குச்சியும், மலாய்க்காரர்கள் தங்சி என்கிற தங்கூசி நரம்பும் நினைவுக்கு வரும். மீன் பசியோடு வரும், புழுவைக் கவ்வும், முள்ளில் மாட்டும். இதில் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை.

புழுவே தேவைப்படாத தூண்டில் ஒன்று இருக்கிறது. முள்ளின் மேல் கோழி இறகையும் நூலையும் சுற்றி, அதைப் பூச்சி என்று மீனை நம்ப வைக்க வேண்டும். வாசனை கிடையாது, ருசி கிடையாது. மீன் நம்புவதற்கு ஒரு நொடி. பொய் என்று தெரிந்து துப்புவதற்கு இன்னொரு நொடி. அந்த இரண்டு நொடிக்கு நடுவில் நாம் நரம்பை இழுத்துவிட வேண்டும். இதுதான் ஃபிளை ஃபிஷிங். ஈத்தூண்டில் என்று ஒருமுறை காலை நிகழ்ச்சியில் சொல்லிப் பார்த்தேன். உடனே ஒரு நேயர் அழைத்து, "ஈ பிடிக்க எதுக்கும்மா தூண்டில்?" என்று கேட்டுவிட்டார். ஆகவே ஃபிளை என்றே எழுதுகிறேன்.

இது புதிய விளையாட்டு அல்ல. மாசிடோனியாவின் ஓர் ஆற்றில் சிவப்புக் கம்பளி நூலையும் சேவல் இறகையும் முள்ளில் கட்டி மீன் பிடித்தவர்களைப் பற்றி ரோம் நகரத்து எழுத்தாளர் ஈலியன் ஏறக்குறைய 1,800 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார். பின்னால் ஆங்கிலேயர் கையில் இது பெரிய மனிதர் பொழுதுபோக்காயிற்று. போன இடமெல்லாம் அவர்கள் இதற்காகவே டிரௌட் மீனைக் கொண்டுபோய் விட்டார்கள். நீலகிரியிலும் நுவரெலியாவிலும் டிரௌட் வந்து சேர்ந்த கதை அதுதான். அதனால்தான் ஃபிளை ஃபிஷிங் என்றால் இடுப்புவரை பூட்ஸ், பனி படர்ந்த ஆறு, தொப்பி வைத்த வெள்ளைக்காரர் என்று நம் மனத்தில் ஒரு படம் ஒட்டிக்கொண்டுவிட்டது. முப்பத்து மூன்று டிகிரி வெயிலில், தாமான் பின்னாலுள்ள குட்டையில் இதைச் செய்யலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

அமெரிக்காவிலேயே இந்தப் படம் பாதிதான் உண்மை. அங்கே பலர் ஃபிளை வீசக் கற்றுக்கொள்வது மலை ஆற்றில் அல்ல, ஊர்க் குளத்தில். அவர்களுக்குச் சிக்குவது உள்ளங்கை அளவுள்ள சன்ஃபிஷ். புளூகில் அந்தக் குடும்பத்தில் ஒன்று. கொஞ்சம் கை தேறியதும் கெண்டைக் குடும்பத்துக் கார்ப் மீனைத் தேடிப் போவார்கள். ஒன்று எளிதாக ஏமாறும் குட்டி மீன், மற்றொன்று லேசில் ஏமாறாத பெரிய மீன். இரண்டும் வீட்டுக்குப் பக்கத்திலேயே கிடைக்கும். நம் ஊரில் சன்ஃபிஷ் இல்லை. ஆனால் அதன் வேலையைச் செய்ய திலாப்பியா இருக்கிறது. கெண்டைக் குடும்பத்துக்கோ பஞ்சமே இல்லை: லம்பாம், செபாராவ், கெலா எல்லாம் அந்தக் குடும்பம்தான்.

கனம் நரம்பில்தான்

சாதாரணத் தூண்டிலில் ஈயக் குண்டு பறக்கும், நரம்பு அதன் பின்னால் போகும். ஃபிளையில் நேர்மாறு. இறகு கட்டிய முள்ளுக்கு எடையே இல்லை; அதை எறிந்தால் காலடியில்தான் விழும். எனவே நரம்பைத் தடிமனாக, கனமாகச் செய்து, அந்த நரம்பைச் சாட்டைபோல் பின்னால் வீசி, அது காற்றில் முழுக்க நீளும்வரை ஒரு கணம் காத்திருந்து, பிறகு முன்னால் வீச வேண்டும். நரம்பு விரிந்து போகும்போது நுனியில் கட்டிய மெல்லிய தங்கூசி ஃபிளையைத் தண்ணீர் மேல் மெல்ல இறக்கி வைக்கும். கற்றுக்கொள்ள வேண்டியதெல்லாம் அந்தக் காத்திருப்புத்தான். வானொலியில் ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவே விடுகிற மௌனம் எவ்வளவு என்று யாரும் கணக்குச் சொல்லித் தர முடியாது. இதுவும் அப்படித்தான். காலி கால்பந்துத் திடலில் முள் இல்லாமல் நூறு முறை வீசிப் பாருங்கள், கைக்கே தெரிந்துவிடும். திடலில் ஓட வருகிறவர்கள் ஒருமாதிரி பார்ப்பார்கள். அதுவும் பழகிவிடும்.

நரம்பின் கனத்துக்கு எண் உண்டு. திலாப்பியாவுக்கும் லம்பாமுக்கும் 5ஆம் எண் போதும். செபாராவுக்கு 6 அல்லது 7. தோமான் போன்ற முரட்டு மீனுக்கு 8க்கு மேல் போக வேண்டும். கோல் ஒன்பது அடி நீளம், பெரும்பாலும் கார்பன் இழையால் செய்தது. சில நூறு ரிங்கிட்டுக்குத் தொடக்கக்காரர் செட் கிடைக்கிறது. அதுவும் வேண்டாம் என்றால் ஜப்பானியர்களின் தெங்காரா முறை இருக்கிறது. உருளை கிடையாது, நீளமான மடக்குக் கோலின் நுனியிலேயே நரம்பைக் கட்டிவிடுவார்கள். நம் தோட்டத்து மூங்கில் குச்சிக்கும் இதற்கும் வித்தியாசம் மிகக் குறைவு.

ஃபிளையை நாமே கட்டிக்கொள்ளலாம் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. நான் அதிகம் பயன்படுத்துவது அறுந்துபோன ஜப்பான் சிலிப்பரிலிருந்து வெட்டிய துண்டு. அரிசி அளவுக்குச் சற்றே பெரிதாக நறுக்கி, சிவப்பு நூலால் நடுவில் இறுக்கிக் கட்டினால் இடுப்பு ஒடுங்கிய எறும்பு தயார். ஆற்றோர மரங்களில் இலைகளைத் தைத்துக் கூடு கட்டுமே கெரெங்கா எறும்பு, அது காற்றடித்தால் தண்ணீரில் விழும். கீழே லம்பாம் காத்திருக்கும். சிவந்த வாலும் வெள்ளி உடம்புமாக இருக்கும் லம்பாம் பழம், இலை, பூச்சி எல்லாம் தின்னும். ஆற்றோரத்தில் ஆரா என்கிற அத்தி மரம் காய்த்துக் கொட்டும் நேரத்தில் அந்த மரத்தடியை விட்டு நகராது. அங்கே சிலிப்பர் எறும்பு போடுவது தீபாவளிக்கு முறுக்கு நீட்டுவது போல.

ஈயம் போன பிறகு

தீபகற்ப மலேசியாவில் ஃபிளை வீச மிகப் பக்கத்தில் இருக்கும் தண்ணீர் எது என்று கேட்டால், ஈயக் குட்டைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உலக ஈயத்தில் பாதியளவு இந்த மண்ணிலிருந்து போனது. தோண்டிய பள்ளங்களில் தண்ணீர் நின்றது. 1985இல் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்ததும் மிச்சமிருந்த சுரங்கங்களும் ஒவ்வொன்றாக மூடப்பட, குட்டைகள் மட்டும் தங்கிவிட்டன. தைப்பிங் ஏரிப் பூங்கா அப்படிப்பட்ட பள்ளத்தில்தான் 1880இல் உருவானது. டிங்கிலில் உள்ள பாயா இண்டா ஈரநிலமும் பழைய சுரங்க நிலம்தான். பத்து காஜாவுக்குப் பக்கத்தில் 1938இல் கட்டப்பட்டு 1982 வரை மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்த ஈயக்கப்பலை இன்றும் போய்ப் பார்க்கலாம். அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள்.

அந்த வட்டாரத்தில் ஒரு குட்டைக் கரையில் நான் அடிக்கடி பார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். இளவயதில் ஈயக்கப்பலில் வேலை செய்தவர். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் மடக்கு நாற்காலி, ஃபிளாஸ்க் நிறைய கோப்பி, மாவு உருண்டை சகிதம் வந்துவிடுவார். நான் நரம்பைப் பின்னால் வீசும்போதெல்லாம், "பாத்தும்மா, என் காதைப் பிடிச்சிடாதே" என்பார். திலாப்பியாவை அவர் திலாப்பியா என்று சொல்வதே இல்லை. அவருக்கு அது ஜப்பான் மீன். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் ஜாவாவிலிருந்து இங்கே வந்த மீன் என்பதால் மலாய்க்காரர்களும் இக்கான் ஜெப்புன் என்றே அழைத்தார்கள். அதன் பூர்வீகமோ ஆப்பிரிக்கா. உணவுப் பஞ்சத்தில் வந்தது, பஞ்சம் போன பிறகும் போகவில்லை.

மணல் தெரியும் ஓரத் தண்ணீரில் திலாப்பியாவின் கூட்டைப் பார்க்கலாம். சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்டமாகக் குழி பறித்து, நடுவில் கறுத்த உடம்பும் வெளுத்த தொண்டையுமாக ஆண் மீன் காவல் நிற்கும். பெண் வந்து முட்டையிட்டதும் முட்டைகளை வாயில் அள்ளிக்கொண்டு போய்விடும். குஞ்சு பொரிப்பதும் வாய்க்குள்தான். ஆண் மீன் குழியை விட்டு நகராது. அந்தக் குழியில் சின்ன ஃபிளை ஒன்றை இறக்கினால் அதைக் கவ்வித் தூக்கி வெளியே போட வரும். பசியால் அல்ல, வீட்டைக் கூட்டிப் பெருக்குவதற்காக. அமெரிக்க புளூகிலும் ஏறக்குறைய இதே மாதிரிக் குழி பறித்துக் காவல் காக்கும், இதே மாதிரி மாட்டிக்கொள்ளும். குடும்பம் வேறு, கண்டம் வேறு, குணம் ஒன்று.

கரையைப் பற்றி ஒரு வார்த்தை. ஈயக் குட்டைகள் ஓரத்திலேயே திடீரென்று ஆழம் போகும், மணல் சரியும். ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைகள் மூழ்கிய செய்தியை நானே வாசித்திருக்கிறேன். இறங்கி நின்று வீசும் ஆசை வேண்டவே வேண்டாம். காலில் புண் இருந்தால் எலிச் சிறுநீர்க் காய்ச்சல் பயமும் உண்டு. இடிச்சத்தம் கேட்டால் கோலைக் கீழே வைத்துவிட்டுக் காருக்குள் போய்விடுங்கள். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். ஒன்பது அடிக் கார்பன் கோலைத் தூக்கிக்கொண்டு வெட்டவெளியில் நிற்பது இடிதாங்கியைத் தலையில் கட்டிக்கொண்டு நிற்பதற்குச் சமம்.

அனுமதி விஷயமும் உண்டு. நம் அரசியலமைப்புச் சட்டப்படி ஆற்று மீன்பிடிப்பு மாநில அரசின் அதிகாரத்தில் வருகிறது. அதனால் ஒரு மாநிலத்து விதி அடுத்த மாநிலத்தில் செல்லாது; போகும் முன் அந்த மாநிலத்து மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது. ரோயல் பெலும் போவதற்குப் பேராக் மாநிலப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும். சிங்கப்பூர் வாசகர்களுக்கு விதியே சாதகமாக இருக்கிறது. அங்கே நீர்த்தேக்கங்களில் ஒதுக்கிய இடங்களில் மட்டும்தான் தூண்டில் போடலாம், அதுவும் செயற்கை இரையைக் கொண்டுதான். புழுவுக்குத் தடை, ஃபிளைக்கு வழி.

காது கேட்கும் மீன்

திலாப்பியாவில் கை பழகியவர்கள் கெண்டைக் குடும்பத்துக்குப் போகும்போது முதல் சில வாரம் ஒன்றும் கிடைக்காது. காரணம் ஃபிளை அல்ல, செருப்பு. கெண்டைகளுக்குக் காது கூர்மை. அவற்றின் காற்றுப் பைக்கும் உள்காதுக்கும் நடுவே சங்கிலிபோல் சின்னஞ்சிறு எலும்புகள் இருக்கின்றன. 1820இல் ஜெர்மானிய மருத்துவர் வெபர் இதை விவரித்து எழுதியதால் வெபர் எலும்புகள் என்றே பெயர். காற்றுப் பை முரசுத் தோல்போல் அதிர, அந்த அதிர்வை எலும்புகள் காதுக்குக் கொண்டுபோகும். திலாப்பியாவுக்கு இந்த ஏற்பாடு இல்லை. கரையில் கல் உருண்டாலும் கார்க் கதவை அறைந்து சாத்தினாலும் கெண்டைக்குத் தெரிந்துவிடும். ஒலிபெருக்கியோடு பிழைப்பு நடத்தும் எனக்கு இந்த மீன்மேல் தனி மரியாதை உண்டு.

கட்டணக் குளங்களில் ரோகு இருக்கும். கங்கைச் சமவெளி ஆறுகளின் மீன், வளர்ப்புக்காக இங்கே கொண்டுவரப்பட்டது. வாய் கீழ்நோக்கி இருக்கும், பாசியை மேய்ந்துகொண்டு திரியும். ரொட்டித் துண்டுபோல் கட்டிய வெள்ளை ஃபிளைக்கோ, தீவன உருண்டை நிறத்தில் கட்டிய தவிட்டு ஃபிளைக்கோ ஒருவேளை வரும். மாட்டிவிட்டால் அந்தப் பக்கக் கரைவரை ஒரே ஓட்டம்தான். கட்டணக் குளம் என்றால் முகம் சுளிக்கும் ஃபிளைக்காரர்கள் உண்டு. எனக்கு அந்தச் சுளிப்பில் உடன்பாடில்லை. பெண்கள் தனியாகப் போய் நிற்க அது பாதுகாப்பான இடம், விளக்கு இருக்கும், கழிப்பறை இருக்கும், மீ கோரெங்கும் கிடைக்கும்.

காட்டுக் கெண்டை வேண்டுமென்றால் செபாராவ். முதுகுத் துடுப்புக்குக் கீழே கறுப்புப் பட்டை, சிவந்த வால். கெண்டைக் குடும்பத்தில் பிறந்தும் சின்ன மீன்களை விரட்டி வேட்டையாடும். தெமெங்கோர் ஏரியில் விடியும் நேரத்தில் குட்டி மீன்கள் மேலே சிதறித் துள்ளினால் கீழே செபாராவ் இருக்கிறது என்று பொருள். அதற்கு நான் கட்டும் ஃபிளைக்குக் கிளௌசர் மின்னோ என்று பெயர். 1980களில் பாப் கிளௌசர் என்ற அமெரிக்கர், ஸ்மால்மவுத் பாஸ் என்னும் மீனுக்காக உருவாக்கியது. அந்த பாஸ் சன்ஃபிஷ் குடும்பத்தைச் சேர்ந்தது. சன்ஃபிஷுக்காகக் கட்டிய இறகை நம் கெண்டை வந்து கவ்வுகிறது.

எதை விடுவது, எதை விடாதிருப்பது

ஃபிளை ஃபிஷிங் உலகத்தில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு: பிடித்ததை விட்டுவிடு. முள்ளின் எதிர்முள்ளைப் பிளையர்ஸால் நசுக்கிவிட வேண்டும். கையை நனைத்துக்கொண்டுதான் மீனைத் தொட வேண்டும். தண்ணீரைவிட்டு முழுக்கத் தூக்காமல் முள்ளைக் கழற்றி அனுப்ப வேண்டும். நான் இதை மதிக்கிறேன். கெலா விஷயத்தில் வேறு பேச்சுக்கே இடமில்லை. மெதுவாக வளரும் மீன், தெளிந்த ஓடும் நீர் இல்லாமல் வாழாது, சாப்பாட்டுக் கடையில் கிலோ நூற்றுக்கணக்கான ரிங்கிட். இந்த மூன்றும் சேர்ந்தால் ஒரு மீனின் கதி என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. செம்பனைப் பழத்தை இரையாகப் போட்டுக் கெலா பிடிப்பவர்களைப் பேராக்கிலும் பகாங்கிலும் பார்க்கலாம். கென்யிர் ஏரியின் சுங்கை பெத்தாங்கில் கெலாவுக்கென்றே சரணாலயம் இருக்கிறது. சபாவில் தகால் என்ற பெயரில் கிராமத்தாரே ஆற்றின் ஒரு பகுதியை மூடி வைத்துக் காக்கிறார்கள். ரானாவ் பக்கம் சுங்கை மோரோலியில் காலை நனைத்தால் மீன்கள் வந்து மொய்க்கும்.

தோமானிலும் இப்படி ஒரு நியாயம் உண்டு. விரால் இனத்துப் பெரிய அண்ணன் அது. குஞ்சுகள் சிவந்த பந்துபோல் ஒன்றாகத் திரண்டு மூச்சு வாங்க மேலே வரும். தாயும் தகப்பனும் கீழேயே காவலுக்கு வரும். அந்தப் பந்துக்குள் ஃபிளையைப் போட்டால் பெற்ற மீன் ஆத்திரத்தில் பாய்ந்து கவ்வும். அதைக் கொண்டுபோய்விட்டால் குஞ்சுகள் சீக்கிரமே மற்ற மீன்களுக்கு இரையாகும். குஞ்சுப் பந்தைக் கண்டால் வீசாமல் படகைத் திருப்பிவிடும் படகோட்டிகள் இருக்கிறார்கள். திருப்பாதவர்களும் இருக்கிறார்கள்.

இதுவரை சரி. ஆனால் "எல்லாவற்றையும் விடு" என்ற அந்தச் சட்டம், மீன் அந்தத் தண்ணீருக்குச் சொந்தமானது என்ற எண்ணத்தில் பிறந்தது. நம் குட்டைகளில் அது அப்படியா? பேராக்கின் பழைய ஈயக் குட்டைகளிலும், 1930இல் கட்டிய செண்டேரோ அணையின் ஏரியிலும் இன்று தூண்டில்காரர்கள் தேடிப் போவது பீகாக் பாஸ். இக்கான் ராஜா என்றும் சொல்வார்கள். பொன்னிற உடம்பில் கறுப்புப் பட்டைகள், வாலில் கண்போல் ஒரு வட்டம், சிவந்த விழி. ஃபிளையை அது அடிக்கும் அடியில் கோல் கையைவிட்டுப் போகும். எனக்கும் பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் அது அமேசான் வட்டாரத்து மீன். வளர்ப்புத் தொட்டி மூலமாகவும் தூண்டில்காரர்கள் கை மூலமாகவும் இங்கே பரவியது.

இந்த மீன் புதிய தண்ணீரில் என்ன செய்யும் என்பதற்குப் பனாமாவில் ஒரு சாட்சி இருக்கிறது. 1967 வாக்கில் ஒரு குளத்திலிருந்து தப்பி காட்டுன் ஏரிக்குள் போனது. சில ஆண்டுகளிலேயே அந்த ஏரியின் சொந்த மீன் வகைகள் பல காணாமற்போனதை 1973இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். 45 ஆண்டு கழித்து வேறொரு குழு போய்ப் பார்த்தபோதும் அந்த ஏரி பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

ஜப்பானில் நடந்தது இன்னும் நெருக்கமான கதை. 1960இல் அமெரிக்கா சென்றிருந்த பட்டத்து இளவரசர் அகிஹித்தோவுக்கு சிக்காகோ மேயர் புளூகில் மீன்களைப் பரிசாகக் கொடுத்தார். மீன் ஆராய்ச்சியில் ஈடுபாடுள்ள இளவரசர் அவற்றை ஆய்வு நிலையத்திடம் ஒப்படைத்தார். உணவுக்கு உதவும் என்று நினைத்த மீன் ஏரிகளில் பரவி ஊர் மீன்களின் முட்டையைத் தின்னத் தொடங்கியது. 2007இல், பேரரசராக இருந்த அவர், அதைக் கொண்டுவந்தவன் நான்தான், இன்றைய நிலைமை என் மனத்தை வருத்துகிறது என்று பொதுமேடையிலேயே சொன்னார். பீவா ஏரி இருக்கும் ஷிகா மாநிலத்தில் 2003இலிருந்து புளூகிலையும் பாஸையும் பிடித்தால் மீண்டும் தண்ணீரில் விடக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. போட்டுவிட்டுப் போக ஏரிக்கரையில் தொட்டி வைத்திருக்கிறார்கள். அமெரிக்கக் குளத்தில் விட்டுவிட வேண்டிய அதே மீன் அங்கே விடக்கூடாத மீன். மறுபுறம், அமெரிக்கர்கள் ஃபிளையால் துரத்தும் கார்ப் அவர்கள் அரசாங்கமே 1870களில் ஐரோப்பாவிலிருந்து வரவழைத்துப் பரப்பியது.

ஆகவே என் கணக்கு இது: கெலா, செபாராவ், லம்பாம் தண்ணீருக்குத் திரும்பிப் போகும். ராஜா போகாது. சட்டம் கையில் இருக்கும் இடத்தில், சிங்கப்பூர் நீர்த்தேக்கம் மாதிரி, அந்த இடத்து விதிதான். செண்டேரோவில் பிடித்தால் வீட்டுக்கு வரும். வெள்ளைச் சதை, முள் குறைவு, புளி கரைத்த குழம்புக்கு உடையாமல் நிற்கும். ஈயக் குட்டை மீனை மட்டும் நான் சமைப்பதில்லை. ஈயம் கிடந்த மண்ணில் ஆர்செனிக்கும் கூடவே கிடக்கும் என்பதால் அது பூனைக்குக்கூட வேண்டாம் என்று புதைத்துவிடுகிறேன்.

இந்தக் கணக்கை எல்லாரும் ஏற்பதில்லை. போன மாதம் அதே பத்து காஜா குட்டையில் ஒரு தம்பி, இருபத்தைந்து வயது இருக்கும், மோட்டார் சைக்கிளின் பின்னால் மூடி போட்ட வாளியைக் கட்டிக்கொண்டிருந்தார். வாளிக்குள் பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் கொரகொரத்தது. உள்ளே ஐந்து ராஜா, உயிரோடு.

"எங்க தாமானுக்குப் பின்னால ஒரு குட்டை இருக்குக்கா. புயூவும் செப்பாட்டும்தான் கிடக்கு. இத விட்டா ரெண்டு வருஷத்துல இவ்வளவு தூரம் வரவே வேணாம்."

பனாமாவைச் சொன்னேன். பீவாவைச் சொன்னேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். பிறகு என் பக்கத்துப் பெரியவரின் வலையைக் காட்டி, "அப்ப தாத்தா பிடிச்ச திலாப்பியா? அதுவும் வெளியூர்தானே? நீங்க போன வாரம் அதத் திரும்ப விட்டத நான் பார்த்தேனே" என்றார்.

அது எண்பது வருஷமாக இங்கே இருக்கிறது, இந்தக் குட்டையை அதனிடமிருந்து இனி யாரும் வாங்கிவிட முடியாது, ஆனால் அதை நான் இன்னொரு குட்டைக்குத் தூக்கிப் போவதில்லை என்றேன்.

"எண்பது வருஷம் கழிச்சு ராஜாவுக்கும் இதேதானக்கா சொல்வாங்க."

பெரியவர் கோப்பியை ஊதிக் குடித்துக்கொண்டே, "சின்ன வயசுல நான் புயூ பிடிச்சது இங்கதான் தம்பி. கைய வச்சா முள்ளு குத்தும்" என்றார். "கடைசியா எப்பப் பாத்தேன்னு ஞாபகம் இல்ல."

தம்பி வாளியின் மூடியைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்தார். மூன்றை எடுத்து அங்கேயே வெட்டி, பெரியவரின் ஐஸ் பெட்டியில் போட்டார். மற்ற இரண்டோடு மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு போனார். எந்தத் தாமான் என்று கேட்டு வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் 5ஆம் எண் கோலை எடுத்துக்கொண்டு அங்கே போகிறேன்.